எலியா மகளும் இருநூற்றுப் பன்னிரண்டு பைகளும்

எங்கள் காரோட்டில் ரெஜிலாவைப் பற்றிப் பேச்சு வந்தால் முன்பெல்லாம் முதலில் ஒரு சிரிப்பு வரும். எம்.பி.பி.எஸ். படித்தாள், அதற்கு மேல் மருந்தியலில் எம்.டி.யும் படித்தாள், ஆனால் ஒரு காய்ச்சலுக்கு மருந்து எழுதித் தர மாட்டாள். "நாடி பிடிக்காத டாக்டர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களோடெல்லாம் நான் நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் வந்த கேடு முழுக்க என் வாயால் வந்தது.

என் பெயர் விமலகுமாரி. பதினாறு வருடமாகக் காரோடு பஞ்சாயத்தில் ஆஷா பணியாளர். கர்ப்பிணிகளின் கணக்கு, குழந்தைகளின் ஊசி, வயசாளிகளின் பிரஷர் என்று எல்லாவற்றுக்கும் வீடு வீடாக நடக்கிற வேலை. ரெஜிலாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. என்னைவிட ஒன்பது வயது இளையவள். அவள் அப்பா எலியா அண்ணன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா அவளுக்குப் பதினோரு வயதில் மரித்துப்போனாள். அவளுக்குத் தலை பின்னி விட்டதும் நான்தான், முதல் தடவை சேலை கட்டிவிட்டதும் நான்தான். ஆகவே அவளைப் பற்றி நான் பெருமை பேசினால் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு வேலை. மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது, இதுதான் அவள் படிப்பு. பாடம் நடத்த வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும், செய்ததை எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும். எழுதினால் மட்டும் போதாதாம். ஒருநாள் அவள் என்னவோ கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"மக்கா, நீ எழுதியதை ஆரு வாசிக்குது?"

"அத அறிய ஒரு வழி உண்டு அக்கா. வேற ஒருத்தர் அவங்க கட்டுரை எழுதும்போ, இன்ன ஆள் இப்படிக் கண்டிருக்குன்னு நம்ம கட்டுரையை ஆதாரமா காட்டணும். ஒரு தடவ காட்டினா ஒரு சைட்டேஷன். அது எத்தன இருக்குன்னு பாத்துதான் எங்களுக்கு மதிப்பு."

"எலிக்க ஈரலைப் பத்தி எழுதினியே, அதுக்கு எத்தன கிட்டிச்சு?"

"ஆறு."

"ஆறு பேரா?"

"நாலு பேரு. ரெண்டு நானே எனக்க அடுத்த கட்டுரையில காட்டினது."

அவள் கணவன் அனில் பஸ் கண்டக்டர். உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே சொன்னான்: "எனக்க பஸ்ஸில ஒரு டிரிப்புக்கு அறுபது பேரு ஏறுவான். இவளுக்க எலியில ஆறு வருஷத்துல நாலு பேரு." அவள் அவன்மேல் ஒரு தலையணையை எறிந்தாள். சிரிப்பாகத்தான் போனது. ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்றது. பதினாறு வருடத்தில் பதின்மூன்று கட்டுரை எழுதியிருக்கிறாள். கூடப் படித்தவர்கள் பேராசிரியர்கள் ஆகிவிட்டார்கள். இவள் இன்னும் இணைப் பேராசிரியர். மேலே போவதற்கு இன்டர்வ்யூவில் கேட்கிற முதல் கேள்வியே, உன்னை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதுதானாம்.

அவளுடைய பதினான்காவது கட்டுரை உதியன்குளங்கரை ஜங்ஷனில் பிறந்தது. எங்கள் ஊர் அருமநாயகம் மாமா தோளில் ஒரு ஏத்தன் வாழைக் குலையோடு நின்றவர், நின்ற நிலையிலே சரிந்து விழுந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கிய ரெஜிலா ஓடிப்போய்ப் பார்த்தாள். சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது. டீக்கடையில் சீனி வாங்கி வாயில் போட்டாள். கண் திறந்தது. சட்டைப் பையில் பார்த்தால் இரண்டு சிகிச்சைப் புத்தகம். ஒன்று கேரளத்து ஆஸ்பத்திரியில் கொடுத்தது, இன்னொன்று தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"மாமா, ரெண்டுலயும் இருக்கது ஒரே மருந்தாக்கும்."

"அதெப்படி மக்கா ஒண்ணாவும்? இது வெள்ள, அது மஞ்ச. ரெண்டு பக்கமும் நல்ல டாக்டர்மாராக்கும். ஒருத்தரு தந்தத தின்னுட்டு மத்தவரு தந்தத களையதுக்கு ஒக்குமா?"

எங்கள் காரோடு கேரளத்தில், அடுத்த களியக்காவிளை தமிழ்நாட்டில்; எங்களுக்கு எல்லை என்பது ரோட்டோரத்தில் ஒரு போர்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் களியக்காவிளைப் பக்கம். மகன் வீடு இந்தப் பக்கம் என்றால் மகள் வீடு அந்தப் பக்கம். வயசாளிகள் இரண்டு இடத்திலும் இருப்பார்கள், இரண்டு இடத்திலும் இலவச மருந்து வாங்குவார்கள். வாங்கிய மருந்தைச் சாப்பிடாமல் இருப்பது பாவம் என்று இரண்டையும் சாப்பிடுவார்கள். இப்படி எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. ரெஜிலா எண்ணத் தீர்மானித்தாள்.

கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கத்துப் புத்தகத்தைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். அதனால் அவள் ஒரு வழி யோசித்தாள். பிரஷர், சர்க்கரை மருந்து சாப்பிடுகிற இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு நம்பர் போட்ட ஒரு துணிப் பை கொடுப்பது. மாத்திரை தின்று தீர்ந்த அட்டையை வீசாமல் பையில் போட்டுவர வேண்டும். மூன்று மாதம் கழித்து எண்ணுவது. அட்டையின் பின்புறம் எந்த அரசு வாங்கியது என்று அச்சடித்திருக்கும். ஒரே மருந்து இரண்டு அரசின் அட்டையிலும் ஒரு பையில் இருந்தால் விஷயம் தெரிந்துவிடும். மனுஷர் மறைப்பார்கள், அட்டை மறைக்காது. இந்த மூளை ஒரு ரப்பர் வெட்டுக்காரரின் வீட்டில் வளர்ந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு விரிகிறது.

பையை வீடு வீடாகக் கொண்டுபோகிற வேலை எனக்கு. "நீங்க தின்ன மாத்திரைக்க அட்டையைப் போடுங்க, அவ்வளவு சொன்னா போதும் அக்கா" என்று படித்துப் படித்துச் சொன்னாள். நான் அவ்வளவோடு நின்றேனா? இல்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

பெண்களுக்குப் பை எதற்கென்று விளங்கவில்லை. இது என்ன, குப்பைக்கா, லாட்டரிக்கா என்று கேட்டார்கள். எங்கள் திருச்சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைத்து, மாதம் ஒரு நாள் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் வெறும் பாத்திரத்தோடு போக மாட்டார்கள். பக்கத்து வீட்டில் இரண்டு பிடி கேட்டு வாங்கியாவது நிறைத்துக்கொண்டு போவார்கள். அது மானப் பிரச்சினை. நான் அந்தப் பெண்களிடம் சொன்னேன்: "இது பிடியரிசி மாதிரியாக்கும். தெனமும் போட்டு வைக்கணும். நம்ம எலியா அண்ணனுக்க மோளுக்க ஆராய்ச்சியாக்கும். வெறும் பை வரக்கூடாது, கேட்டியளா?"

உடனே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நன்றாகவே விளங்கிவிட்டது. எனக்கு என் சாமர்த்தியத்தின்மேல் ஒரே சந்தோஷம்.

மூன்று மாதம் கழித்துப் பைகளைக் கொட்டி எண்ணினோம். எழுபத்து நான்கு பைகளில் இரண்டு பக்கத்து அட்டையும் இருந்தது. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு! அந்த வீடுகளுக்கெல்லாம் நானே போய், இரண்டையும் சேர்த்துத் தின்னாதீர்கள் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் ரெஜிலா எழுதிக் கொடுத்தாள். பிறகு கட்டுரை எழுதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அவர்கள் நான்கு தடவை கேள்வி கேட்டுத் திருப்பியனுப்பி, ஐந்தாவது தடவை போட்டார்கள்.

அப்புறம்தான் அதிசயம். இரண்டு வருடத்தில் நாற்பத்தேழு பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். நேபாளம், கென்யா, பிரேசில் என்று நான் வரைபடத்தில் மட்டும் பார்த்த ஊர்கள். எல்லையோரத்தில் இருக்கிற ஆட்கள் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது. அந்தப் பதின்மூன்று கட்டுரைக்கும் சேர்த்துக் கிடைத்ததைவிட இந்த ஒன்றுக்கு அதிகம். கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு ஒரு இடம் காலியாகி, இன்டர்வ்யூ தேதியும் வந்தது. இந்தத் தடவை ரெஜிலாவுக்குத்தான் என்று துறைத் தலைவரே சொன்னாராம்.

எங்கள் சபை சும்மா இருக்குமா? இன்டர்வ்யூவுக்கு ஐந்து வாரம் முன்னாலேயே ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எலியா அண்ணன் தேய்த்த வேட்டியில் முதல் வரிசையில் இருந்தார். போதகர் "நாற்பத்தேழு" என்று சொன்னபோது அண்ணன் திரும்பிப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார், எல்லோரும் கேட்டார்களா என்று.

கூட்டம் முடிந்து டீயும் ஏத்தக்காய் அப்பமும் கொடுக்கும்போது புஷ்பபாய் என் பக்கத்தில் வந்து தோளை இடித்தாள். அவள் என்னோடு பள்ளியில் படித்தவள்.

"அந்தப் பேப்பருல எனக்க பங்கும் உண்டாக்கும், கேட்டியா?"

"உனக்கென்ன பங்கு?"

"எனக்க பையில மூணு அட்டதான் இருந்துது. வெறும் பை வரக்கூடாதுன்னு நீ சொன்னியே. களியக்காவிளையில எனக்க நாத்தூன் வீட்டுல போயி, அவளுக்க மாப்பிளை தின்ன பதினோரு அட்டையை வாங்கிட்டு வந்து போட்டேன். நெறஞ்சு போச்சு!"

என் கையிலிருந்த அப்பம் அப்படியே நின்றது. "எட்டி, அப்போ நீ ரெண்டு பக்கத்து மருந்தும் தின்னலியா?"

"நான் எதுக்குத் தின்னணும்? எனக்கு இஞ்ச உள்ளதே போதும்."

"பின்ன, ரெண்டும் தின்னாதன்னு நான் வந்து சொன்னப்போ?"

"செரின்னு தலையாட்டினேன். தின்னாத்த மருந்த நிறுத்தியதுக்கு என்ன கஷ்டம்?"

அவள் சிரித்தாள். இவள் ஒருத்தியா செய்திருப்பாள்? பிடியரிசி என்று கேட்ட எல்லாப் பெண்களும் செய்திருப்பார்களே!

எட்டு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இன்டர்வ்யூ முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று ஒரு மனசு. இப்போது சொன்னால் அவள் வாழ்க்கை என்னாவது என்று இன்னொரு மனசு. சொல்லாவிட்டால் கென்யாவில் இருக்கிறவன் பொய்யை நம்பி என்ன செய்வான் என்று மூன்றாவது மனசு. ஒன்பதாவது நாள் என்னால் முடியவில்லை. சாயங்காலம், அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு கொத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ஒரு அடி அடித்திருந்தால்கூட எனக்கு ஆசுவாசமாக இருந்திருக்கும். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தன வீடு அக்கா?"

"எனக்குத் தெரியாது மக்கா."

"அப்போ தெரிஞ்சுக்கிடணும்."

அடுத்த திங்கட்கிழமை முதல் ஒன்பது நாள் லீவு போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் மறுபடி நடந்தோம். "நீங்க உதவி செய்யத்தான் போட்டீங்க, ஆரும் உங்களக் குறை சொல்லல. வேற ஆளுக்க அட்ட உண்டான்னு மட்டும் சொல்லுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் அவளே கேட்டாள். சிலர் சிரித்துச் சொன்னார்கள். சிலர் கோபித்துக்கொண்டார்கள். "உனக்கு வேண்டி வெயில்ல அலஞ்சு வாங்கினேன், இப்போ கள்ளியாக்கிட்டியே" என்று ஒரு அம்மா அழுதாள். நாலைந்து பேர் இதற்குள் மரித்துப்போயிருந்தார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளிடம் கேட்டோம். அருமநாயகம் மாமா மட்டும், "எனக்கது முழுசும் எனக்கதாக்கும், நான் ரெண்டும் தின்னவன்" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார்.

கடைசியாக அவள் வீடு. வார்டில் வரிசையாக வருகிற வீட்டை விடக்கூடாது என்று எலியா அண்ணனுக்கும் ஒரு பை கொடுத்திருந்தாள். அவருக்குப் பிரஷர் உண்டு.

"அப்பா, நம்ம பையில வேற ஆளுக்க அட்ட உண்டா?"

"உண்டு. ஒம்பது அட்ட. எனக்க மச்சினன் வீட்டுல இருந்து வாங்கினது. எனக்க மோளுக்க ஆராய்ச்சிக்கு எனக்க வீட்டுப் பை வெறும் பையாட்டா போணும்?"

"அது தப்பாயிப் போச்சு அப்பா."

"எது தப்பு? உனக்கு வேண்டி நான் செய்தது தப்பா? அப்படீன்னா மழையும் வெயிலும் பாக்காம ரப்பர் வெட்டி உன்னப் படிக்க வெச்சதும் தப்பாக்கும்!"

அன்றைக்கு எழுந்து போனவர் பிறகு அவளோடு அதிகம் பேசவில்லை. சபை முழுக்க முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்ட மனுஷன். தன் பையும் பொய் என்று மகளே எழுதப்போகிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

எண்ணிப் பார்த்தோம். இருபத்து மூன்று பைகள் தப்பு. எழுபத்து நான்கில் அதைக் கழித்தால் ஐம்பத்தொன்று. மூன்றில் ஒன்று என்று உலகத்துக்குச் சொன்னது நாலில் ஒன்றாகிவிட்டது. இன்டர்வ்யூவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

துறைத் தலைவர் நல்ல மனுஷன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாலில் ஒன்று என்பதும் பெரிய விஷயம்தானே, கட்டுரையின் முடிவு மாறவில்லையே, இன்டர்வ்யூ முடிந்த மறுநாள் திருத்தத்தை அனுப்பு, இரண்டு வாரத்தில் ஒன்றும் குடி மூழ்கிவிடாது என்றாராம். நானும் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"மக்கா, அவரு சொல்லியதைக் கேளு. இத்தன வருஷமாக்கும் நீ காத்திருந்தது."

"இந்த ரெண்டு வாரத்துல ஒருத்தர் அந்தப் பழைய கணக்க எடுத்து எழுதினா அக்கா? அது பொய்யின்னு அறிஞ்சிட்டு நான் அந்த ரூமுல போயி இருந்து, நாப்பத்தேழுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அன்று சாயங்காலமே அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டாள். திருத்தத்தை எழுதியவர்கள் என்று இரண்டு பேர்: முதலில் அவள், அடுத்தது நான்.

"எனக்க பேரு எதுக்கு?"

"தப்பக் கண்டுபிடிச்சது நீங்க."

"உண்டாக்கினதும் நான்தானே பிள்ளே!"

"ரெண்டையும் எழுதியிருக்கேன்" என்றாள். ஒரே ஒரு பக்கம். பிடியரிசி என்றால் என்ன, அதைச் சொன்னதால் பெண்கள் பையை எப்படி நிறைத்தார்கள், முன்கூட்டியே கேட்டுச் சோதிக்காதது ஆராய்ச்சியாளரின் குறை என்று இங்கிலீஷில் எழுதி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். என்மேல் ஒரு வார்த்தை பழி இல்லை. பத்தாம் கிளாஸ் படித்த நான் குனிந்து கையெழுத்துப் போட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

இன்டர்வ்யூவில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். உங்கள் முக்கியமான கட்டுரையே தப்பாமே என்றார் ஒருவர். அவள் விளக்கினாள். பதவி வினீத் என்கிற இளைய டாக்டருக்குப் போனது. அறுபது கட்டுரை எழுதியவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜங்ஷனில் ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதுபோல என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி, "தப்பா எழுதின டாக்டர்" என்றாள். சோற்று இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்தேன். அன்றைக்கு நல்ல பாயசம் வேறு.

அப்புறம் எட்டு மாதம் ஒருவரும் அந்தக் கட்டுரையை எட்டிப் பார்க்கவில்லை. நாற்பத்தேழு நாற்பத்தேழாகவே நின்றது. வாரத்துக்கு ஒருதரம் நான் கேட்பேன், அவள் தலையை ஆட்டுவாள். அனில்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டான். அவள் மட்டும் வழக்கம்போல ஏழு மணி பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தாள். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், "அக்கா, எனக்குச் சங்கடம் உண்டு. இல்லன்னு சொன்னா கள்ளம். ஆனா அனுப்பினதுல சங்கடம் இல்ல."

ஒன்பதாவது மாதம் நேபாளத்திலிருந்து ஒரு நர்ஸ் எழுதிய கட்டுரை வந்தது. நாற்பத்தெட்டு. அவள் திருத்திய கணக்கைத்தான் எடுத்திருந்தாள். அதற்கப்புறம் மடை திறந்ததுபோல வந்தது. அடுத்த ஒரு வருடத்தில் எண்பத்தொன்றானது. அதைவிட ஆச்சரியம், அந்த ஒற்றைப் பக்கத் திருத்தத்துக்கே தனியாகப் பத்தொன்பது மேற்கோள். கிராமத்தில் போய் எண்ணுகிற ஆட்கள், வேலை தொடங்கும் முன் அதை வாசிக்கிறார்களாம், ஜனங்கள் அன்பால் கணக்கைக் கெடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள. எங்கள் காரோட்டுப் பிடியரிசி எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்!

இந்த வருடம் மாசியில் இன்னொரு இடம் காலியானது. மறுபடி இன்டர்வ்யூ. உங்கள் வெளியீடுகளில் சிறந்தது எது என்று கேட்டார்களாம். எல்லோரும் நீளமான கட்டுரையைக் காட்டுவார்கள். இவள் அந்த ஒற்றைப் பக்கத்தை நகர்த்தி வைத்திருக்கிறாள். திருத்தத்தை எப்படிச் சாதனையாகக் கொள்வது என்று தேர்வுக் குழுத் தலைவர் கேட்டிருக்கிறார். "சார், இதுல உள்ள எண்கள் சரின்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு கேட்டது" என்று சொன்னாளாம். இரண்டாவது பெயர் யார், என்ன படிப்பு என்று கேட்டதற்கு, ஆஷா பணியாளர், அவங்க வந்து சொல்லாவிட்டால் இந்தப் பக்கமே இல்லை என்றாளாம். கேட்டபோது எனக்கு ஆகாயத்தில் நடப்பதுபோல இருந்தது.

வியாழக்கிழமை பட்டியல் வந்தது. பேராசிரியர், மருந்தியல் துறை, டாக்டர் ரெஜிலா. அவள் பஸ்ஸிலிருந்தே என்னைக் கூப்பிட்டாள். நான் ஜங்ஷனுக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்து, நடு ரோட்டில் என்று பாராமல் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தேன். இருவருமாக எலியா அண்ணனிடம் போனோம். அவர் பின்பக்கத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்குக் கிட்டிச்சு."

அவர் திரும்பவில்லை. கையிலிருந்த ஷீட்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். ஷீட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எனக்க பையைக் கழிச்ச பொறவுமா?"

"கழிச்ச பொறவுதான் அப்பா."

அண்ணன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். வாய் கோணியது. உள்ளே போய்க் கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். எங்கே என்று கேட்டதற்கு, "இப்போ வாறேன்" என்றார். நான் பின்னாலேயே போனேன். முதலில் டீக்கடை, அடுத்தது பலசரக்குக் கடை, அப்புறம் மரச்சீனி விற்கிற பெண்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, நிமிர்ந்து, ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போனார்.

"எனக்க மோளு புரொஃபசர் ஆயாச்சு. எனக்க வீட்டுப் பை கள்ளப் பையாக்கும். அதக் கழிச்சுப்போட்டு ஆனவளாக்கும் அவ."